திட்ட ஆளிருக்கணும்டா பேராண்டி

2025 ஆடிப்பெருக்கு முடிஞ்ச வாரம் என் பேரன் சென்னையிலேருந்து வந்து எறங்கினான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல டவுன் பஸ் மாறி, கச்சிராயபாளையம் ரோட்டுல எங்க ஊரு வர்றதுக்குள்ள மூஞ்சி சொரைக்கா மாதிரி நீண்டு போயிருந்துது. பையைத் திண்ணையில வீசினான். நீலக்கலர் பனியன், நெஞ்சுல என்னமோ முத்திரை.

"என்னாடா?"ன்னேன்.

"மலையாளிங்க மானத்தை வாங்குறானுங்க தாத்தா."

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. கல்வராயன் மலை மேல இருக்கற மலையாளிப் பழங்குடிங்களோட எனக்கு அம்பது வருசப் பழக்கம். தேனு, கடுக்கா, சாமைன்னு சொமந்து எறக்குவாங்க. காஞ்சிபுரத்துலேருந்து வந்த சனம் நாங்கன்னு பெருமையா கதை சொல்லுவாங்க. எடையில ஏமாத்தினவன் கீழ்நாட்டான்தானே தவிர அவங்க இல்ல. அவங்க எதுக்கு என் பேரன் மானத்தை வாங்கணும்?

"எந்தப் பக்கத்து மலையாளி? வெள்ளிமலையா, சேராப்பட்டா?"ன்னு கேட்டேன்.

தலையில அடிச்சுக்கிட்டான். "கொச்சி தாத்தா, கொச்சி! கேரளாக்காரன். என் ரூம்ல தங்கியிருக்கான்."

அப்புறம் செத்த நேரம் மோரைக் குடிக்கவெச்சு விசாரிச்சேன். விசயம் இதுதான். இவன் சென்னையின் எஃப்சி கட்சி. அந்தக் கொச்சிப் பையன் மஞ்சச் சட்டை, கேரளா பிளாஸ்டர்ஸ் கட்சி. ஐஎஸ்எல்னு ஒரு ஃபுட்பால் லீக். அதை நடத்தற கம்பெனிக்கும் டெல்லியில இருக்கற இந்திய ஃபுட்பால் சங்கத்துக்கும் இருந்த ஒப்பந்தம் முடியப்போவுது, புதுசா போடலைன்னு ஜூலையில லீகையே நிறுத்தி வெச்சுட்டாங்க. ஆடி பதினெட்டுக்கு மறுநாளு பெங்களூரு கிளப்பு ஆட்டக்காரங்களுக்குச் சம்பளத்தை நிறுத்துச்சு. அதே வாரத்துல சென்னைக் கிளப்பும் வேலையெல்லாத்தையும் நிறுத்தி வெக்கறோம்னு அறிவிச்சுது. உடனே அந்தப் பையன், "உங்க கடையை மூடிட்டாங்களாமே, பூட்டு நான் வாங்கித் தரட்டா?"ன்னு இவனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கான். இவன் அதுக்குப் பதிலு சொல்லாம, சோறு திங்காம பஸ்ஸேறி வந்துட்டான். அட பேராண்டி! பூட்டுன்னு சொன்னது கொஞ்சம் நல்ல கிண்டலாத்தான் இருக்குன்னு எனக்குப் பட்டுது. வெளிய சொல்லலை.

எனக்கு இதுல பேச யோக்கியதை இருக்கு. முப்பது வருசம் கூத்துல கட்டியக்காரன் வேசம் கட்டினவன் நானு. ரெண்டு பேரு வேட்டியைத் திரையாப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க, அதுக்குப் பின்னாடி ராசா விருத்தம் இழுத்துக்கிட்டு இருப்பாரு. நான் இந்தாண்ட நின்னு, "யாருய்யா அது உள்ள? விடியறதுக்குள்ள வெளிய வருவியா? காலையில நான் கரும்பு வெட்டப் போவணும்"னு கேப்பேன். சனம் சிரிக்கும். ராசா வெளிய வந்ததும் கிரீடத்துல உதுந்துபோன கண்ணாடித் துண்டை எண்ணிச் சொல்லுவேன். "அஸ்தினாபுரத்துல கடன் அதிகமோ?"ன்னு கேப்பேன். துரியோதனன் வேசம் கட்டினவரு எனக்கு மச்சான் முறை. ராத்திரி முழுக்க அவரைக் கிழிகிழின்னு கிழிப்பேன். விடிஞ்சதும் ரெண்டு பேரும் அரிதாரத்தைத் தேங்காண்ணெ போட்டுத் தொடைச்சுக்கிட்டு, ஒரு டீயை ரெண்டு கிளாசுல ஊத்திக் குடிப்போம். பேசின காசுல பாதி ஊருக்காரன் பாக்கி வெச்சிருப்பான். அது வேற சங்கதி.

எங்க வாத்தியாரு எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக் குடுத்தாரு: "ஆளைத் தொடு, ஆத்தாளைத் தொடாத." வேசக்காரன் தொப்பையைச் சொல்லு, அவன் மீசையைச் சொல்லு, அவன் அடவு தப்பினதைச் சொல்லு. அவன் வீட்டுப் பொம்பளைங்களை இழுக்காத. இழுத்தா அது கூத்து இல்ல, கட்டப்பஞ்சாயத்து.

இந்தப் பாடம் தெரியாம உலகமே பாக்க ஒருத்தரு மாட்டினாரு. 2006 ஜூலை 9, பெர்லின்ல உலகக் கோப்பை ஃபைனல். இத்தாலிக்காரரு மார்கோ மட்டராசி, பிரான்சுக்காரரு ஜிடேன் சட்டையைப் புடிச்சு இழுத்தாரு. சட்டை வேணும்னா ஆட்டம் முடிஞ்சு தரேன்னாராம் ஜிடேன். அதுக்கு இவரு ஜிடேனோட கூடப்பொறந்தவளைப் பத்தி வாயை உட்டாரு. திரும்பி நடந்த ஜிடேன் நின்னு, வந்து, நெஞ்சுல ஒரு முட்டு. நம்ம ஊரு கெடா கூட அவ்வளவு நேரா முட்டாது. சிவப்பு அட்டை. கடைசி ஆட்டம் ஆடின மகராசன், கோப்பையை ஒரசிக்கிட்டு தலையைக் குனிஞ்சு உள்ள போனாரு. இத்தாலி பெனால்டியில ஜெயிச்சுது. அப்புறம் ஃபிஃபா பஞ்சாயத்து வெச்சு முட்டினவருக்கு 3 ஆட்டத் தடை, 7,500 பிராங்க் அபராதம். வாயை உட்டவருக்கு 2 ஆட்டத் தடை, 5,000 பிராங்க் அபராதம். பாத்துக்க. அடிச்சதுக்கும் பேசினதுக்கும் இடையில வித்தியாசம் ஒரு ஆட்டமும் 2,500 பிராங்கும்தான். நம்ம ஊரு நாட்டாமைக்குக் கூட இவ்வளவு நுணுக்கமா வெலை போடத் தெரியாது.

"அந்த மட்டராசியை உனக்குத் தெரியுமா?"ன்னு பேரனைக் கேட்டேன்.

பய வெக்கப்பட்டுச் சிரிச்சான். தெரியாமலா? அவரைத்தானே இவங்க 2014ல சென்னைக்கு வாத்தியாரா கூட்டியாந்தாங்க. ஒலகத்துலயே பெரிய வாய்த்தகராறுல பேரு வாங்கினவரைத் தேடிப் புடிச்சு கோச்சாப் போட்டுட்டு, கொச்சிக்காரன் பூட்டுன்னு சொன்னதுக்கு அழுவுறானாம்!

மட்டராசி வந்த ரெண்டாம் வருசமே கோப்பை வந்துது. 2015 வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சென்னையே தண்ணியில கெடக்க, உள்ளூர்ல ஆட வேண்டிய அரை இறுதியைப் புனேவுக்குத் தூக்கிட்டுப் போயி ஆடினாங்க. அப்புறம் டிசம்பர் 20, கோவாவுலயே கோவாக்காரங்களோட ஃபைனல். தொண்ணூறு நிமிசம் ஆவப்போவுது, கோவா 2-1ல முன்னாடி நிக்குது. ஊரு முழுக்க வெடியைத் திரி கிள்ளி வெச்சிருப்பாங்க. அந்த நேரம் பாத்து கோவா கோல்கீப்பர் மேல பட்டு அவங்க கோலுக்குள்ளயே பந்து பூந்துது. 2-2. அதுக்கு மூச்சு வாங்கறதுக்குள்ள மெண்டோசான்னு ஒரு கொலம்பியாப் பையன் இன்னொண்ணு. 3-2. அன்னிக்கு இவனுக்குப் பன்னெண்டு வயசு. தெருவுல சட்டையைக் கழட்டிச் சுத்திக்கிட்டு ஓடினதுல பக்கத்து வீட்டு மல்லாட்டைக் காயப்போட்ட பாயில வுழுந்து, ரெண்டு மரக்கா மல்லாட்டை போச்சு. நான்தான் காசு குடுத்தேன்.

ஆனா அங்க கோவாவுல என்னா ஆச்சு? ஆட்டம் முடிஞ்ச கொண்டாட்டத்துல தன்னைத் தாக்கினதா கோவா அணி முதலாளிங்கள்ல ஒருத்தரு போலீசுல எழுதிக் குடுக்க, சென்னை கேப்டன் எலானோவைக் கைது பண்ணி ஜாமீன்ல உட்டாங்க. பிரேசிலுக்கு ஆடின மனுசன். கோப்பையைத் தூக்கின கை, அதே ராத்திரி ஸ்டேசன்ல கையெழுத்துப் போட்டுது. உள்ள என்னா நடந்துதோ, நான் பாத்தவனில்ல. அதுக்கப்புறம் லீக்காரங்க விசாரிச்சு கோவா கிளப்புக்குக் கோடிக்கணக்குல அபராதம் போட்டாங்கன்னு பேரன் படிச்சுச் சொன்னான். ஜெயிச்சவனுக்கும் தூக்கம் போச்சு, தோத்தவனுக்கும் துட்டு போச்சு.

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க பக்கத்துல திரௌபதியம்மன் கோயில் படுகளம் பாக்காதவன் ஃபுட்பால் பாத்துப் பிரயோசனமில்ல.

கோயிலு முன்னாடி கொல்லையில சேத்தைக் கொழைச்சு, துரியோதனனை மல்லாக்கப் படுக்கவெச்ச மாதிரி முப்பது நாப்பது அடிக்குச் செய்வாங்க. மொழங்கை அகலத்துக்கு மீசை. வெள்ளையும் கருப்புமா கண்ணு, வானத்தைப் பாத்து முழிச்சுக்கிட்டு இருக்கும். தொடையில செவப்புத் தண்ணி புதைச்சு வெச்சிருப்பாங்க. காலையில வெயிலு ஏற ஏற அவன் மேல நாங்க ஓடுவோம், பீமன் துரத்துவான், துரியோதனன் ஓடுவான், நான் நடுவுல பூந்து ரெண்டு பேரையும் வம்புக்கு இழுப்பேன். அத்தனை நாளும் பாரதக் கதை கேட்டுக் கேட்டு, "படுபாவி, நாசமாப் போவ"ன்னு துரியோதனனை மண்ணை வாரித் தூத்தின கெழவிங்க சுத்தி நிப்பாங்க. பீமன் கதாயுதத்தை ஓங்கித் தொடையில அடிப்பான். செவப்பு பொங்கும். திரௌபதி கூந்தலை முடிவா.

அந்த நிமிசம் பாக்கணும். அதே கெழவிங்க, "என் ராசா, இப்பிடிக் கெடக்கியே"ன்னு மாருல அடிச்சுக்கும். காந்தாரி ஒப்பாரி எடுத்தாச்சுன்னா கூட்டத்துல ஒரு கண்ணு காயாது. அப்புறம் துரியோதனன் மேலேருந்து ஒரு புடி மண்ணை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போவாங்க, குதிர்ல போட. ஜெயிச்ச பீமன் என்னா பண்ணுவான் தெரியுமா? வேப்பமரத்தடியில குந்திக்கிட்டு, கோலி சோடா கெடைக்குமான்னு பாத்துக்கிட்டு இருப்பான். ஒரு நாயி சீண்டாது. எங்க பீமன் ஒரு தடவை என்கிட்ட, "அடுத்த வருசம் எனக்குத் துரியோதனன் குடுங்க மாமா, இந்த ஜெயிக்கற வேசம் வேணாம்"னே கேட்டுட்டான்.

சனத்தோட மனசு அப்பிடித்தான்டா படைச்சிருக்கு. ஜெயிக்கற வரைக்கும் உன்கூட ஓடும். ஜெயிச்ச மறுநொடி, கீழ கெடக்கறவன் பக்கத்துல போயி ஒக்காந்துக்கும். இதுல உன்னோட குத்தமும் இல்ல, அதோட குத்தமும் இல்ல.

அதுலயும் பீமன் ஜெயிச்சது சட்டப்படி செல்லாது. கதாயுத்தத்துல இடுப்புக்குக் கீழ அடிக்கப்படாது. ரெஃபரி யாரு? பலராமரு, ரெண்டு பேருக்கும் வாத்தியாரு. கலப்பையைத் தூக்கிக்கிட்டு பீமனை அடிக்கவே வந்துட்டாரு. கண்ணன் போயி இடுப்பைக் கட்டிப் புடிச்சு சமாதானம் பண்ணாரு. போதாக்கொறைக்கு பீமன், வுழுந்து கெடந்தவன் தலையை எடது காலால மிதிச்சான். தருமரே அதட்டினாரு, ஜெயிச்ச கட்சிக்காரரு. "அடிச்சது கூடப் போவட்டும்டா, மிதிச்சது எதுக்கு?"ங்கற மாதிரி.

"இது மாதிரி உங்க ஃபுட்பால்ல உண்டா?"ன்னேன். உடனே பேரன் கண்ணு மின்ன எழுந்து ஒக்காந்தான்.

உண்டாம். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். பெங்களூருக்கும் கேரளாவுக்கும் நாக் அவுட். கோலே இல்லாம கூடுதல் நேரத்துக்குப் போயி, 96வது நிமிசம் பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக். கேரளாக்காரங்க சொவரு கட்டலாமா, கோல்கீப்பரு எங்க நிக்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கறப்ப சுனில் சேத்ரி பொசுக்குனு ஒதைச்சுட்டாரு. கோலு. ரெஃபரி செல்லும்னுட்டாரு. கேரளா கோச்சு வூகோமானோவிச், "வாங்கடா போலாம்"னு மொத்த டீமையும் கூட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு. ஆட்டம் அதோட முடிஞ்சுது. கேரளா கிளப்புக்கு 4 கோடி அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம்.

பலராமரும் கோவிச்சுக்கிட்டு துவாரகைக்குத் தேரை உட்டாரு. அவருக்கு எவனும் அபராதம் போடலை. காலம் மாறிப்போச்சு.

"அந்தக் கோலு சரியா தாத்தா?"ன்னு கேட்டான். கொல்லையில களை எடுக்கறப்ப வரப்பு ஓரமா நம்ம ஆளு ஒரு கொத்து தள்ளிப் போட்டா "அளவு சரிதான்"னுவோம், பக்கத்துக் கொல்லைக்காரன் போட்டா "களவாணி"ன்னுவோம். அதே ஒதையை உங்க சென்னைக்காரன் ஒதைச்சிருந்தா நீ என்னா சொல்லியிருப்பன்னு கேட்டேன். "சமயோசிதம்"னான். கூச்சமே இல்லாம சொன்னான். என் பேரன்தான்.

நாங்க மட்டும் ஒழுங்கா? பொங்கலுக்கு எங்க ஊருல கபடி நடக்கும். ஏரிக்கு அந்தாண்ட ஊருக்காரனுங்க அஞ்சு வருசம் தொடர்ந்து அண்டாவைத் தூக்கிக்கிட்டுப் போனானுங்க. எங்களுக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா வயிறு எரியுதுன்னு எவன் ஒத்துக்குவான்? "காசு குடுத்து வெளியூரு ஆளை எறக்கறானுங்க, கபடியோட தருமமே போச்சு"ன்னு டீக்கடையில வருசம் பூரா தருமம் பேசினோம். ஆறாம் வருசம் குச்சிக்கிழங்குக்கு நல்ல வெலை. நாங்க என்னா பண்ணோம்? சேலம் பக்கத்துலேருந்து ரெண்டு பேரைக் கறிச்சோறு போட்டு எறக்கினோம். ஜெயிச்சோம். தருமத்தைப் பத்தி அப்புறம் யாரும் பேசலை.

ஜெயிக்கற டீமை ஊரு திட்டறப்பல்லாம் எனக்கு இந்த அண்டா ஞாபகம் வரும். "பணம் இருக்கு, ரெஃபரி கையில இருக்கான்"னு சொல்றவன் வீட்டுலயும் ஒரு அண்டா ஆசை கெடக்கும். காய்ச்ச மரம்தான் கல்லடி படும்னு பழமொழி சொல்லி ஜெயிச்சவன் தன்னைத் தேத்திக்குவான். அந்தப் பழமொழியை உண்டாக்கினவனே ஜெயிச்சவனாத்தான் இருக்கணும். கல்லு உட்டவனைக் கேட்டா மாங்கா மேல ஆசைன்னு நேரா சொல்லிட்டுப் போறான். உங்க டீமுல மட்டும் என்னா, வியாசர்பாடி தனபால் கணேஷ் மாதிரி ஒண்ணு ரெண்டு நம்ம புள்ளைங்களைத் தவிர மிச்சமெல்லாம் எறக்கின ஆளுதானே? முதலு போட்ட அபிஷேக் பச்சனு என்னா சின்னசேலத்துக்காரரா?

அந்தக் கபடிக் கதைக்கு ஒரு மிச்சம் இருக்கு. நாங்க ஜெயிச்ச ரெண்டாம் வருசம் அந்தாண்ட ஊரு பசங்க திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போயிட்டானுங்க. டீமு வரலை. எங்க ஊரு ரெண்டு தெருவே எதிரெதிரா ஆடி, எங்க அண்டாவை நாங்களே எங்களுக்குக் குடுத்துக்கிட்டோம். மைக் செட்டுக்காரன் கொட்டாவி உட்டதை ஒலிபெருக்கியில ஊரே கேட்டுது. அதுக்கப்புறம் கபடியே நடக்கலை. அண்டா பஞ்சாயத்து போர்டு ரூமுல கெடந்து ஓட்டை வுழுந்துடுச்சு.

கல்கத்தா ஃபுட்பால்ல நெலமை வேறயாம். ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா அந்தக் கட்சி வீட்டுல இலிஷ் மீனு, மோகன் பகான் ஜெயிச்சா எறா. தோத்தவன் அன்னிக்கு மார்க்கெட் பக்கமே போவ மாட்டானாம். மீன்காரன் ரெண்டு கட்சிக்கும் பொது. இவ்வளவு வரைக்கும் எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா 1980 ஆகஸ்ட் 16, அதே ரெண்டு கட்சிக்கு நடந்த ஆட்டத்துல ஈடன் கார்டன் கேலரியில அடிதடியாகி 16 பேரு செத்தாங்க. அதைப் பேரன் படிச்சப்ப நான் வெத்தலையைத் துப்பிட்டு வந்து ஒக்காந்தேன். அதுல கிண்டல் பண்ண எனக்கு ஒண்ணும் வரலை.

வேறொண்ணு இருக்கு, அதுல வரும். 2018 ஜூன் 1ஆம் தேதி பம்பாயில இந்தியா டீமு சைனீஸ் தைபேயை 5-0ன்னு நொறுக்குச்சு. மூணு கோலு சேத்ரி. பாக்க வந்த சனம் 2,569 பேரு. எங்க திரௌபதியம்மன் கோயில் தீமிதிக்கு வடை விக்கறவனுங்களே அதுல பாதி இருப்பானுங்க. மறுநாளு சேத்ரி ஒரு வீடியோ போட்டாரு. கையைக் கூப்பாத கொறையாக் கேட்டது என்னா? கைதட்டுங்கன்னு இல்ல. ஸ்டேடியத்துக்கு வாங்க, எங்க மூஞ்சிக்கு நேராக் கத்துங்க, திட்டுங்க, வந்து திட்டுங்கன்னு கேட்டாரு. அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட்டே கெடைக்கலை.

கட்டியக்காரனுக்கு இது புரியும். சனம் சிரிச்சா நல்லது, ஏசினா அதுவும் நல்லது. பாதி ராத்திரியில சனம் பாயைச் சுருட்டிக்கிட்டு எழுந்து போவும் பாரு, அதுதான் சாவு. நான் ரெண்டு தடவை அதைப் பாத்திருக்கேன். மூணாந்தடவை பாக்கப்படாதுன்னுதான் வேசத்தை அவுத்தேன்.

"இப்ப சொல்லு"ன்னேன். "அந்தப் பையன் பூட்டு வாங்கித் தரேன்னானே, அவன் கடை மட்டும் தெறந்திருக்கா? லீகே இல்லைன்னா அவன் மஞ்சச் சட்டையைப் போட்டுக்கிட்டு யாரோட ஆடுவான், கொச்சித் தெருவும் கொச்சித் தெருவுமா?"

பேரன் ஒண்ணும் பேசலை. ரெண்டு நாளு கோமுகி அணைப்பக்கம் சுத்தினான், மலையில மேகம் அருவி வரைக்கும் போயிட்டு வந்தான். மூணாம் நாளு சாயங்காலம் திண்ணையில போனைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தான்.

"என்னா, இன்னும் திட்டுறானா?"

"இல்ல தாத்தா. மூணு நாளா ஒரு மெசேஜும் இல்ல." அதைச் சொல்றப்ப மூஞ்சி பஸ்ஸுல வந்து எறங்கினதைவிட மோசமா இருந்துது.

பாவமாப் போச்சு. முப்பது வருசத் தொழிலு, கை சும்மா இருக்குமா? "நான் சொல்றதை எழுது"ன்னேன். "எங்க கடை பூட்டித்தான் கெடக்கு. ஆனா உள்ள ரெண்டு கோப்பை இருக்கு. ஓணத்துக்குப் பாயசம் ஊத்தப் பாத்திரம் இல்லைன்னு கேள்விப்பட்டேன். ஒண்ணை வாடகைக்குத் தரட்டா? முன்பணம் வேணாம், மூணு ஃபைனல் தோத்தவன்கிட்ட வாங்கறது பாவம்."

பேரன் எழுதி, கடைசியில ரெண்டு சிரிப்பு மூஞ்சி சேத்து அனுப்பினான். நான் பாக்கை உரல்ல போட்டு நாலு இடிதான் இடிச்சிருப்பேன், போனு கிர்ருன்னுது. அதைப் படிச்சவன் தூணுல சாஞ்சு சிரிச்சான், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு.

"என்னாடா போட்டிருக்கான்?"

"மலையாளத்துல திட்டியிருக்கான் தாத்தா. சொல்ல முடியாது. ரொம்ப கெட்ட வார்த்தை."

"ஆத்தாளைத் தொட்டானா?"

இன்னொரு தடவை நிதானமாப் படிச்சுப் பாத்தான். "இல்ல. உங்களைத்தான் சொல்லியிருக்கான். இது நீ எழுதினது இல்ல, எவனோ கெழவன் எழுதினதுன்னு கண்டுபுடிச்சுட்டான்."

"கெட்டிக்காரப் பையன்டா அவன்"னேன். "தைப்பொங்கலுக்கு இங்க கூட்டியா. வர்றப்ப அந்தப் பூட்டையும் எடுத்தாரச் சொல்லு, மாட்டுக் கொட்டாய் கதவுக்கு ஒண்ணு வேணும்."

பேரன் அதையும் எழுத ஆரம்பிச்சான்.